அருவியில் என் கை இல்லை

மக்களே,

உன் பெட்டியைக் கடைத் தராசில் வைத்து நிறுத்தேன். இருபத்துமூன்று கிலோ நானூறு கிராம். இருபத்துமூன்றுக்கு மேல் ஒரு கிராம்கூட விமானத்தில் விடமாட்டார்கள் என்று உன் அம்மா நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குத் தன் முறுக்கு டப்பா மேல் சந்தேகம். பாவம், அது இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நீலச் சட்டை. தோளில் வெளுத்தது. காலர் நைந்தது. மூட்டை தூக்குகிற ஒருவருடைய சட்டை. அதை நீ சலவை செய்து, ஓரம் சேர்த்து மடித்து வைத்திருந்தாய். திரும்ப மூடிவிட்டேன். அந்த நானூறு கிராமைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

நாளை மறுநாள் நீ மாண்ட்ரியல் போகிறாய். இரண்டு வருஷம். ஒரு முழுநீளப் படம். அதில் வருகிற தண்ணீர் எல்லாம் உன் பொறுப்பு. கடல், மழை, குழாயில் சொட்டுவது, யாரோ ஒருத்தி அழுவது. அங்கே தண்ணீர் வரையத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனாலும் தேடிப் பிடித்துச் சாலைக்கடைத் தெருவில் இருந்து உன்னைக் கூப்பிட்டார்கள். இதை நான் ஒரு தடவை எழுதிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. எழுதிவிட்டேன். இன்னொரு தடவையும் எழுதுகிறேன்: கூப்பிட்டார்கள்.

நேரில் பேசினால் நான் அரிசி விலை பேசுவது போல் பேசிவிடுவேன். அதனால் கடிதம். இதை ஒட்டி மூடப்போவதில்லை. வியாபாரிகள் சங்கத்து ஓண மலருக்கும் ஒரு பிரதி கொடுக்கிறேன். இந்தத் தெருவில் என்னைப் போல் வேறு அப்பாக்கள் இருக்கிறார்கள். படிக்கட்டும்.

நம் ஒப்பந்தம் உனக்கு நினைவிருக்கும். கழக்கூட்டத்தில் ஏசி அறையில் இருந்த வேலையை விட்டுவிட்டு, உன் தோழி நிமிஷாவோடு சேர்ந்து சொந்தமாக அனிமேஷன் செய்யப்போகிறேன் என்று வந்து நின்றாய். நான் கத்தவில்லை. கத்தாத அப்பா என்று எனக்கு என்னைப் பற்றி ஒரு நல்ல எண்ணம். ஒரு வருஷம் தருகிறேன் என்றேன். அடுத்த ஆவணி ஒன்றாம் தேதிக்குள், வெளியே இருந்து வந்த ஒரு வேலையையாவது முடித்துக் கொடுத்து, கொடுத்தவர்கள் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் கடைக்கு வந்து என் நாற்காலியில் உட்கார வேண்டும். நீ "செரி" என்றாய். கை கொடுத்தாய். உன் கையில் ஸ்டைலஸ் பிடித்துப் பிடித்துக் காய்ப்பு. அதைக் கவனித்தேன். கவனித்ததைச் சொல்லவில்லை.

எதிர்க்கடை அண்ணாச்சி, துணி வியாபாரி, உனக்குத் தெரியாததா, அவர் கேட்டார்: "என்ன தம்பி, பொம்பளப் பிள்ளையையா கல்லாவுல இருத்தப் போறீரு?"

"ஏன் அண்ணாச்சி, பொம்பளப் பிள்ளைக்குத் தராசு பாக்கத் தெரியாதா?"

ஒரு வாரம் அந்தப் பதிலை நினைத்து நினைத்து மகிழ்ந்தேன். மற்றவர்கள் மருமகன் தேடுகிறார்கள், நான் மகளிடம் கடையைக் கொடுக்கிறேன், எவ்வளவு முன்னேறிய மனுஷன் நான். இப்போது பார்த்தால் அது ஒரு கதவு. திறந்துதான் வைத்தேன். உள்ளே வருவதற்கு மட்டும்.

இதையும் எழுதிவிடுகிறேன். நான் எம்.ஏ. முடித்து, வெளியூரில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்து, என் அப்பாவுக்கு முதுகு போனதால் ஆறு மாதம் என்று கடையில் உட்கார்ந்தவன். இந்தக் கதையை உனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். தியாகக் கதையாக. சொல்லாமல் விட்ட ஒரு துண்டு உண்டு. பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டாவது கடிதம் வந்தபோது அப்பா எழுந்து நடமாடிக்கொண்டிருந்தார். "போறதானா போ" என்றார். நான் பதில் எழுதவில்லை. பயம். தெரியாத ஊர், தெரியாத ஆட்கள், நான் அங்கே சாதாரணமாகிவிடுவேனோ என்ற பயம். கடை என்னைப் பிடித்து வைக்கவில்லை. நான்தான் கடையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு அதை உன்னிடம் நீட்டினேன்.

அந்த ஒரு வருஷத்தில் உங்களுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பெரிய வேலை, ஒரு படக் கம்பெனியிடமிருந்து. மலையாகப் படுத்துக் கிடக்கும் ஒருத்தி. அவள் தலைமுடி அருவி. அவள் தலை திரும்பினால் அருவி இடம் மாறும். மலையை நீ வரைந்துவிட்டாய். மூக்கு மட்டும் பதினாறு விதமாக வரைந்தாய். முடிதான் வரவில்லை. ஒரு மத்தியானம் சோறு கொண்டு வந்தபோது எனக்கு விளக்கினாய்.

"அப்பா, இது பெயிண்ட்தான். ஆனா நிக்காது."

"ஓடுற பெயிண்டா?"

"ஆமா. ஒரு பொருள நீலத் துணிக்கு முன்னாடி விழ வச்சுப் படம் எடுக்கணும். கம்ப்யூட்டர் நீலத்த மட்டும் களைஞ்சிரும். மிச்சம் நிக்கது விழுற பொருள் மட்டும். அதைப் பிரஷ்ல ஏத்திக்கிட்டா, நான் எங்க வரையறனோ அங்கெல்லாம் அது விழுந்துகிட்டே இருக்கும்."

"பொருளே நீலமா இருந்தா?"

"அதுவும் போயிரும்."

"அப்பம் நம்ம கிருஷ்ணன் போயிருவாரு."

"போயிருவாரு. புல்லாங்குழல் மட்டும் நிக்கும்."

சிரித்தோம். அந்த மத்தியானம் எனக்குப் பிடித்த மத்தியானங்களில் ஒன்று.

முதல் தடவை நிஜத் தண்ணீரை ஊற்றினீர்கள். தண்ணீர் தன் பின்னால் இருப்பதைத்தானே காட்டும்? பின்னால் நீலம். நீலத்தைக் களைந்தபோது தண்ணீரும் பாதி போனது. திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை கம்ப்யூட்டரிலேயே செய்தீர்கள். 'முடி இருக்கிறது, நீர் இல்லை' என்று பதில் வந்தது. மூன்றாவது தடவைதான் கடைசி, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்கள். அதைத் தாண்டினால் திங்கள். திங்கள் ஆவணி ஒன்று.

மூன்றாவது தடவைக்குத் தானியத்தை விழவைக்கலாம் என்று யோசித்தது நீ. நான் இல்லை. இதை இங்கே எழுத்தில் வைக்கிறேன். பிறகு தெருவில் பலரிடம் நான் மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. கடை விடுமுறை. கிட்டங்கியில் மூட்டைகளை ஒதுக்கி இடம் செய்தோம். நீலத் துணி கேட்டு அண்ணாச்சியிடம் போனேன். "நம்ம பிள்ளைக்கு மட்டமான துணியா குடுப்பேன்?" என்று சாட்டின் எடுத்துக் கொடுத்தார். மின்னியது. அரிசிக்கு நான். கடையிலேயே உயர்ந்த பச்சரிசி, இயந்திரத்தில் இரண்டு முறை சுத்தம் செய்தது. கல் கிடையாது, குருணை கிடையாது, தூசி கிடையாது. ஒவ்வொரு மணியும் அடுத்த மணியின் அண்ணன் தம்பி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு அளந்து போடுவது போல நின்றேன்.

சாட்டினில் டியூப்லைட் வெளிச்சம் பட்டு வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்தது. நம் கண்ணுக்கு ஒரு நீலம். கம்ப்யூட்டருக்குப் பத்து நீலம். எதைக் களைவது என்று அதற்குத் தெரியவில்லை. அதைக்கூட நீ எப்படியோ சரிக்கட்டியிருப்பாய். அரிசிதான் காலை வாரியது. எல்லாம் ஒரே எடை, ஒரே வேகம். கொட்டியது, முடிந்தது. நிமிஷா லேப்டாப்பில் பார்த்துவிட்டு மெதுவாகத் தன் மலையாளத்தில் சொன்னாள்: "அங்கிளே, மால பொட்டிய போலே உண்டு." மாலை அறுந்து மணி சிதறியது போல். உண்மை. நீ படத்தைப் பின்னால் ஓட்டினாய். மறுபடி பார்த்தாய். மறுபடி பின்னால் ஓட்டினாய்.

அப்போது எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எழுந்தது. எழுதவே கை கூசுகிறது. எழுதுகிறேன். பிள்ளை தோற்கப்போகிறாள், வீட்டோடு இருப்பாள், எட்டு மணிக்கு என்னோடு கடைக்கு நடந்து வருவாள் என்று ஒரு சந்தோஷம். அதைவிட மோசமானது ஒன்று. தானியம் அருவி போல் விழுவதை நான் பார்த்திருக்கிறேன். எங்கே, எப்படி என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

மாடிப்படிக்கு அடியில் ஒரு மூட்டை உண்டு. சாயங்காலம் தரையைக் கூட்டி வாருவதெல்லாம் அதில் போகும். சிந்திய அரிசி, குருணை, தவிடு, உளுந்துத் தோல், மாவுத் தூசி. வாரம் ஒருமுறை கோழித் தீவனத்துக்கு எடுத்துப் போவார்கள். சாலைக்கடைத் தெருவில் எந்தக் கடைக்காரரும் அந்த மூட்டையை வாசல் பக்கம் வைக்கமாட்டார். அது கடையின் அழுக்கு. அதை வேறு மூட்டைக்கு மாற்றும்போது வாராவாரம் பார்ப்பேன். முழு அரிசி முதலில் இறங்கும். குருணை பின்னால் வரும். தவிடு தயங்கும். தூசி இறங்கவே மனமில்லாமல் மேலேயே நிற்கும். பாறை விளிம்பில் நீர் உடைவதும், பின்னால் சாரலும், அதற்குப் பின்னால் புகையும் அப்படித்தானே. தெரிந்தும் மூன்று நாள் சும்மா இருந்தேன். பாதி வெட்கம். வந்த பிள்ளைகள் முன்னால் கடையின் குப்பையைத் திறந்து காட்டுவதா என்று. மறு பாதி என்ன என்பதை முன்னமே சொல்லிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நீ கடைக்கு வந்தாய். ஓணக் கூட்டம் தொடங்கியிருந்தது. கூட்டத்தை விலக்கி நாற்காலி அருகில் வந்து நின்று, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாய்: "அப்பா, திங்கக்கிழம நான் காலைல எத்தன மணிக்கு வரணும்?"

"ஏழரைக்கு."

"செரி."

போனில் குறித்துக்கொண்டாய். முகத்தில் கோபம் இல்லை. அழுகை இல்லை. கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றத் தயாராகிறாய். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் எனக்கு அந்த முகம் இருந்ததில்லை. நான் சொன்ன எல்லாக் கதைகளிலும் நான் போட்டுக்கொண்ட முகம் அது. உனக்குச் சொந்தமாக இருந்தது. நீ வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டேன்.

"மக்களே, நாளைக்குக் கேமராவ எடுத்துட்டு வா. பின்னாடி சந்துக்கு."

புதன்கிழமை மழை இரண்டு மணி நேரம் ஓய்ந்தது. ஆடிக் கர்க்கடகத்து வானம், வெளுத்த வேட்டி மாதிரி. நிழலே இல்லாத வெளிச்சம். அண்ணாச்சியிடம் போய், "உங்ககிட்ட இருக்கதுலயே மட்டமான நீலம் வேணும், துளி மினுக்கம் இருக்கப்பிடாது" என்றேன். "இத்தன வருஷத்துல இப்படி ஒருத்தரும் கேட்டதில்ல தம்பி. இரும், தேடணும்" என்று ஏணியில் ஏறினார். லைனிங் துணி கிடைத்தது. சந்தின் குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்டீர்கள். தானியம் விழும் இடத்துக்கும் துணிக்கும் நடுவில் ஆறடி விட்டாய். நீலத்தின் வெளிச்சம் அரிசி மேல் படக்கூடாதாம். முன்பக்கம் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. பாங்கில் லீவு போட்டு வந்த உன் அம்மா கல்லாவில் இருந்தாள். "கட உண்டோ? இல்லயோ?" என்று யாரோ கத்தினார்கள். "உண்டு, உண்டு, சத்தம் போடாதீங்க, உள்ள சினிமா எடுக்காங்க" என்று அவள் திருப்பிக் கத்தினாள்.

மூட்டையை இழுத்து வந்து அவிழ்த்தேன். நீ கையை விட்டு அள்ளினாய். விரலுக்கு நடுவே ஒழுகவிட்டாய். உன் கண் மாறியது.

"அப்பா, இது எங்க இருந்திச்சு?"

"படிக்கு அடியில."

"ஞாயித்துக்கிழமையும் இருந்திச்சா?"

நான் துணியின் சுருக்கத்தை இழுத்துவிட்டேன்.

"சரி. வேலை முடியட்டும். அப்புறம் பேசலாம்" என்றாய்.

நீ அப்புறம் பேசவில்லை. ஒரு வருஷமாகப் பேசவில்லை. இதுதான் அந்தப் பேச்சு.

அளவுப் படியால் ஊற்றினால் கட்டியாக விழுந்தது. முறத்தால் ஊற்றினால் பரவிப் போனது. கையால் விடவேண்டும், விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து. அப்படியானால் கை படத்தில் தெரியும். கையில் நீலத் துணியைப் பை போலச் சுற்றிக் கட்டினாய். துணி சுற்றிய கைக்குத் தானியம் தெரியவில்லை. எப்போது விட வேண்டும், எவ்வளவு என்று புரியவில்லை. கட்டை மாதிரி இருந்தது. ஏழு தடவை. நிமிஷா ஒவ்வொரு தடவையும் "அங்கிளே, ஒண்ணு கூடி" என்றாள். இன்னும் ஒரு தடவை. அந்த நேரத்தில்தான் நம் கடைக்குச் சுமை இறக்கும் சசியண்ணன், தோளில் மூட்டையோடு, கேமராவையும் நம்மையும் கண்டுகொள்ளாமல் சந்தில் குறுக்கே நடந்து போனார்.

நீலத்தைக் களைந்து பார்த்தீர்கள். ஒரு தலை. ஒரு மூட்டை. இரண்டு கால். நடுவில் ஆள் இல்லை. மூட்டை தானாக நடந்து போகிறது. நிமிஷா தரையில் உட்கார்ந்துவிட்டாள் சிரிப்பில். "சசியண்ணா, நிங்ஙளுடெ வயிறு காணானில்ல!"

சசியண்ணன் எட்டிப் பார்த்தார். "சுமட்டுக்காரன்டெ வயிறு ஏது மொதலாளி கண்டிட்டுண்டு மோளே?"

சுமை தூக்குகிறவன் வயிற்றை எந்த முதலாளி பார்த்திருக்கிறான் என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. கொஞ்சம் வலித்துக்கொண்டு வந்தது. நீ மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டாய். திரையில் இல்லாத அந்த வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"அப்பா. அந்தச் சட்ட."

அவர் தன் யூனியன் நீலச் சட்டையை அங்கேயே கழற்றிக் கொடுத்தார். என் வெள்ளைச் சட்டைக்கு மேல் போட்டேன். கை நீளம் போதாமல் நீ துணி வைத்து ஊசி குத்தினாய். மணிக்கட்டு வரை மறைந்தது. விரல் மட்டும் வெறும் விரல். "மொதலாளி யூனியனில் சேர்ந்நோ?" என்று சசியண்ணன் பனியனோடு நின்று கேட்டார். "ஒரு மணிக்கூருக்கு" என்றேன். சந்து முழுக்கச் சிரித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சரியாகச் சொல்ல முடியாது. கை தானாக வேலை செய்தது. மூடியிருந்தது. சுண்டுவிரல் முதலில் திறந்தது. முழு அரிசி போனது. மற்ற விரல்கள். குருணை போனது. தூசி நின்றது. மழைக்கு முந்தைய காற்று ஒரு மூச்சு வந்து அந்தத் தூசியைச் சற்றுச் சாய்த்தது. நீ லேப்டாப் முன்னால் இருந்து கையை உயர்த்தினாய். "யாரும் மிண்டாதீங்க." யாரும் பேசக்கூடாதாம். படத்தை மெதுவாக்கி ஓட்டினாய். கோழிக்குப் போகவேண்டிய என் கடைக் குப்பை, ஒரு மலையின் விளிம்பில் உடைந்து விழுந்துகொண்டிருந்தது. தூசியில் மட்டும் லேசாக நீலம் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்துவிடலாமா என்று நிமிஷா கேட்டாள்.

"வேணாம். அது தண்ணியோட நிறம். இருக்கட்டும்" என்றாய்.

எது பிழை, எது நிறம் என்று அந்த ஒரு நொடியில் முடிவு செய்தாயே, அப்போது தெரிந்துகொண்டேன். இவள் கடைக்கு வரமாட்டாள். வரக்கூடாது.

மிச்சம் இருந்தது விரல்கள். வெட்டி எறிய முடியாது, ஏனென்றால் விரலை ஒட்டித்தான் நீர் உடைகிற இடம், அதுதான் உயிர். எழுபத்திரண்டு படங்கள். மூன்று நொடி. ஒவ்வொன்றிலும் விரலை மட்டும் அழித்து, விரலுக்கு நடுவில் இருக்கும் தானியத்தை விட்டுவைக்க வேண்டும். அதற்கு உங்கள் இருவருக்கும் நேரம் இல்லை. மலையைச் சேர்க்க வேண்டும், முடியைப் பின்ன வேண்டும். "நான் அழிக்கேன்" என்றேன். நீ சிரிக்கவில்லை. ஸ்டைலஸை என் கையில் வைத்தாய்.

"அமுக்காதீங்கப்பா. தொட்டாப் போதும். அரிசி உடையுமான்னு விரல்ல வச்சுப் பாப்பீங்கல்லா, அந்த அளவுதான்."

இரண்டு பகல். ஒரு படத்துக்குப் பத்து நிமிஷம். முதல் படத்தில் என் கை இறுக மூடியிருந்தது. முப்பதாவதில் பாதி. எழுபத்திரண்டாவதில் முழுக்கத் திறந்திருந்தது. என் கை திறப்பதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அழித்துக்கொண்டே கேட்டேன், முதல் படமும் கடைசிப் படமும் ஒட்டினால்தானே நிற்காமல் ஓடும் என்றாய், மூடின கையும் திறந்த கையும் எப்படி ஒட்டும் என்று. "ஒட்டாது. கை இருந்தா நிக்கும். கை போயிருச்சுன்னா விழுந்துகிட்டே இருக்கும்" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய். நீ வேலையைத்தான் சொன்னாய். நான் அடுத்த படத்தைத் திறந்தேன்.

வெள்ளிக்கிழமை அனுப்பினீர்கள். சனி, ஞாயிறு, பதில் இல்லை. திங்கள் காலை ஏழு இருபத்தைந்துக்கு நீ கடைக்கு வந்தாய். குளித்து, கோட்டா சேலை கட்டி. வேண்டாம் என்று நான் சொன்னேன். "சொன்னா சொன்னதாக்கும்" என்று நாற்காலியில் உட்கார்ந்தாய். நான் மூட்டைகளுக்கு நடுவே நின்றேன். ஓணத் திரள். நீ நன்றாகச் செய்தாய், மக்களே. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. ஓட்டல்காரர் ஒருவர் அரிசியைக் குறை சொன்னபோது, ஒரு மணியைக் கடித்துப் பார்த்து, "சேட்டா, இது வேகும், பொங்கும், ஆனா குழையாது, நான் தின்னுட்டுத்தான் சொல்லுகேன்" என்றாய். அவர் மூன்று மூட்டை சொன்னார். இவள் இங்கேயும் ஜெயித்துவிடுவாள் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டால் இங்கேயே இருந்துவிடுவாள். என்னைப் போல்.

பதினொன்றரைக்கு உன் போன் அதிர்ந்தது. நீ எடுக்கவில்லை. ஒரு கிழவருக்குப் பயறு நிறுத்துக்கொண்டிருந்தாய். நிறுத்து, பொட்டலம் கட்டி, கொடுத்துவிட்டுத்தான் எடுத்தாய். படித்தாய். என்னிடம் நீட்டினாய். நான் கண்ணாடியைத் தேடினேன். நெற்றியிலேயே இருந்தது. கம்பெனியிலிருந்து இரண்டு வரி: அனுப்பிய படத்தில் ஒலியே இல்லை, ஆனால் எங்கள் அறையில் இருந்த எல்லோருக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. ஏற்றுக்கொண்டோம்.

நீ அடுத்த ஆளிடம் "என்ன வேணும்?" என்று கேட்டாய்.

"எந்திரி மக்களே" என்றேன்.

"கூட்டம் இருக்குப்பா."

"எந்திரி. அது என் நாற்காலி."

தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். அண்ணாச்சி எதிர்க்கடையிலிருந்து எழுந்து நின்றார். நீ எழுந்தாய். சேலையில் மாவு. என்னைக் கட்டிக்கொண்டபோது பயறு தரையில் சிந்தியது. சாயங்காலம் அதைக் கூட்டி அந்த மூட்டையில் போட்டேன்.

படம் இந்த ஊரில் திரையிட்ட அன்று நாம் ஒரே வரிசையில் உட்கார்ந்திருந்தோம். அம்மா, நிமிஷா, அண்ணாச்சி, சசியண்ணன். மலை திரும்பியது. முடி திரும்பியது. என் ஒரு கைப்பிடியை நீ இருபத்தாறு தடவை அடுக்கி, அரங்கம் அகலத்துக்கு அருவியாக்கியிருந்தாய். யாரோ பின்னால் மூச்சை இழுத்தார்கள். சசியண்ணனால் தாங்க முடியவில்லை. "அது நம்மட மொதலாளிடெ கையாணு!" என்று உரக்கச் சொன்னார். முன் வரிசைக்காரர் திரும்பி, "எவிடெ? கை ஒந்நும் காணுந்நில்லல்லோ" என்றார்.

"காணத்தில்ல. அதல்லே பணி!" என்றார் சசியண்ணன்.

கை தெரியாது. அதுதானே வேலை. அவர் எனக்குச் சொன்னதிலேயே பெரிய பாராட்டு அது. அந்தச் சட்டைக்காரருக்கு அதைச் சொல்லும் உரிமை உண்டு. இத்தனை வருஷம் அவர் கை எந்தப் படத்திலும் தெரிந்ததில்லை. இப்போதெல்லாம் அவர் வந்தால் முதலில் சாப்பிட்டாரா என்று கேட்கிறேன். வயிறு கொஞ்சம் தெரியத் தொடங்கியிருக்கிறது எனக்கு.

இனி புத்திமதி. அப்பாக்கள் எழுதினால் அது இல்லாமல் முடியாது. அங்கே எல்லாம் சுத்தமாக இருக்கும். மணி மணியாக, ஒரே அளவாக. அதை ஒருமுறை விழவிட்டுப் பார். மாலை அறுந்தது போல் இருந்தால், படிக்கு அடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேள். எல்லா இடத்திலும் ஒரு மூட்டை இருக்கும். காட்ட வெட்கப்படுவார்கள். நீ வெட்கப்படாமல் கையை விடு. உனக்குள்ளும் ஒன்று இருக்கும். அதையும். யாருக்காவது வார்த்தை கொடுத்தால் காப்பாற்று. ஆனால் உன்னை அன்போடு குறுக்குகிற வார்த்தையைக் கேட்பவர் யாரானாலும், நானே ஆனாலும், கை கொடுக்கும் முன் ஒரு நாள் அவகாசம் கேள். திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம். கடையைப் பற்றிக் கவலை வேண்டாம். நான் பயந்து பிடித்துக்கொண்ட கடை அது. போன ஆவணி ஒன்றில், எல்லோர் முன்னாலும், நானாகக் கேட்டு வாங்கிய கடையும் அதுதான். இப்போது அந்த நாற்காலியில் நன்றாக உட்கார முடிகிறது.

அந்த நானூறு கிராம்.

அது நான் வைத்தது. நேற்று மத்தியானம், நீ விசா நகல் எடுக்கப் போனபோது, அந்த மூட்டையிலிருந்து ஒரு பொட்டலம் கட்டி உன் ஸ்வெட்டருக்கு அடியில் ஒளித்து வைத்தேன். விமான நிலையத்தில் பிடிப்பார்கள் என்று தெரியும். இருந்தாலும் வைத்தேன். இன்று தராசைப் பார்த்ததும் புரிந்தது. நான் அழிக்காத எழுபத்து மூன்றாவது படம் ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது.

எடுத்துவிட்டேன். பெட்டி இப்போது சரியாக இருபத்துமூன்று.

அப்பா